முடிவை முதலில் பார்க்கிறவள்

எங்கள் வீட்டில் ஒரு படம் ஓட வேண்டுமென்றால் அதன் முடிவை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். இது என் மகள் போட்ட சட்டம். அவளுக்கு எட்டு வயது. வானத்தில் பறக்கிறவர்களும் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறவர்களும் நிறைந்த கார்ட்டூன் படம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் யாராவது செத்துப்போய்விடுவார்களோ என்ற பயத்தில் விரல் இடுக்கால்தான் பார்ப்பாள். சனிக்கிழமை பின்னேரம் படம் போடுகிற நேரத்தில், கதிரையில் ஏறிக் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்துகொண்டு கேட்பாள்.

"அம்மா, முடிவு பார்த்திட்டீங்களோ?"

"ஓம், பார்த்திட்டன். எல்லாரும் தப்பியிடுவினம்."

"நாயும்?"

"நாயும்."

அதற்குப் பிறகுதான் படம் தொடங்கும். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பிழை விட்டால் பழி மட்டும் உண்டு.

பயம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராயத் தேவையில்லை. என்னிடமிருந்துதான். பிரஷர் குக்கரின் விசிலுக்குப் பயப்படுகிறவள் நான். பொழுதுபட்ட பிறகு போன் அடித்தால் எடுப்பதற்கு முன் நெஞ்சில் கை வைப்பேன். என் கணவரைப் பற்றி வெளியில் பேசும்போது 'இவர்' என்றுதான் சொல்வேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். இவருக்குப் பயம் என்பதே கிடையாது, அல்லது அதைக் காட்டத் தெரியாது. நானும் மகளும் பயந்து நடுங்குகிற இடத்தில் இவர் மிக்சர் சாப்பிடுவார்.

இவருக்கு வேலை துறைமுகத்தில். கப்பல் உள்ளே வந்ததும் அது இறக்கிவிடுகிற கயிற்றைச் சிறு படகில் இழுத்துக்கொண்டுபோய், கரையிலும் மிதவையிலும் மாட்டுகிற ஆட்களில் ஒருவர். ஓர்ஸ் ஹில் சரிவில் எங்கள் வீடு. சமைக்கிறபோது குசினி ஜன்னலால் பார்த்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவே உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். கலியாணம் கட்டிய புதிதில், கடலைக் கண்டால் எனக்குப் பயம் என்று சொன்னேன். இவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "கடலுக்கு ஏன் பயப்பிடுறீர்? கயிறுதான் ஆளைக் கொல்லும். இழுபட்டு நிக்கிற கயிறு அறுந்தா, சத்தம் கேக்க முதல் அது ஆளிட்ட வந்திடும்" என்றார். அன்றோடு கடல் பயம் போய்விட்டது. கயிற்றுப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை எழும்பவில்லை.

படப் பைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். சண்டைக் காலத்தில் சிறுவனாக இருந்தபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சித்திரக்கதைப் புத்தகங்களை வாடகைக்கு எடுத்து வாசித்திருக்கிறார். பல கை மாறிய புத்தகங்கள். பெரும்பாலானவற்றில் கடைசித் தாள்கள் இருக்காது. வீரன் மலையிலிருந்து விழுந்துகொண்டிருப்பான், அத்தோடு புத்தகம் முடிந்துவிடும். ஊரடங்கு நாட்களில் அதையே திரும்பத் திரும்ப வாசித்து வளர்ந்த மனிதருக்கு முடிவு தெரியாமல் இருப்பது பழகிப்போய்விட்டது. எனக்குப் பழகவில்லை. இப்போது சம்பாதிக்கிறார், முழுப் புத்தகமாக வாங்குகிறார். அலுமாரியின் மேல்தட்டு முழுவதும் அவைதான். என் கூறைச் சேலைக்கு இல்லாத மரியாதை அவற்றுக்கு உண்டு, பூச்சி உருண்டை உட்பட.

சித்திரக்கதையிலிருந்து எடுத்த கார்ட்டூன் படங்களில் எது சிறந்தது என்று இவரிடம் ஒரு வரிசை இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அது மாறும். மாறும்போது குடும்பமே உட்கார்ந்து கேட்க வேண்டும். சண்டை நன்றாக இருக்கிறதா, வர்ணம் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் இவருக்குப் பொருட்டில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்து, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டைக் காட்டுவார்.

"இஞ்ச பாரும். இந்தக் கட்டத்தில ஆள் விழுறான். அடுத்த கட்டத்தில பிடிபட்டிட்டான். நடுவில என்ன நடந்ததெண்டு கீறேல்ல. அது எங்கட வேலை. படம் எடுக்கிறவன் அந்த நடுவைக் கீறத்தான் வேணும். எவ்வளவு நேரம் கீறுறான் எண்டதிலதான் அவன்ர கெட்டித்தனம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவர் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவது ஒரு கட்டம், பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றுவது அடுத்த கட்டம். நடுவில் இருக்கிற அந்த வெள்ளைக் கோட்டில்தான் நான் சமைத்து, துவைத்து, ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை இவரிடம் சொன்னேன். இவர் என் மூளையைப் பாராட்டிவிட்டு மிக்சரை எடுத்தார்.

எனக்கும் ஒரு வரிசை உண்டு. நான் வீரர்களைப் பார்ப்பதில்லை, அவர்களுடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எத்தனையோ படங்களில் நகரம் பற்றி எரியும்போது ஒரு பெண் ஜன்னலடியில் நிற்பாள், அல்லது ஆறிப்போன சாப்பாட்டை மூடி வைப்பாள். அவளை ஒழுங்காகக் கீறியிருந்தால் எனக்கு அது நல்ல படம். நடிகர்கள் நடிக்கிற படத்தைவிடக் கீறின படம் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இரத்தம் என்றாலும் மைதானே என்று. பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் விளங்கியது. நடிகையின் முகம் நடிகைக்கு மட்டும் சொந்தம். கீறின முகத்தில் இரண்டு கண், ஒரு வாய், கொஞ்சம் தலைமயிர். அது யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம், என் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இவரது வரிசையிலும் மகளின் வரிசையிலும் முதலிடம் ஒரே படத்துக்குத்தான். அதில் வருகிற பெண் ஒரு வெளிச்சவீட்டுக் காவலாளியின் மகள். அவளுக்குப் பலம் இல்லை, பறக்கத் தெரியாது. மூச்சை அடக்கினால் உலகம் மெதுவாகிவிடும், அவ்வளவுதான். விழுகிற கல் மெதுவாக விழும், எழும்புகிற அலை எழும்பியபடி நிற்கும். மூச்சு முடிந்தால் எல்லாம் பழைய வேகத்துக்கு வந்துவிடும். புத்தகத்தில் அவளுக்கு மூச்சு முட்ட முட்டக் கட்டங்கள் ஒடுங்கிக்கொண்டே போகும், வெள்ளைக் கோடு அகலும். படத்தில் சத்தம் முழுவதும் நின்று, வர்ணங்கள் கரைந்து வெறும் பென்சில் கோடாகிவிடும். அவளுடைய முகத்தில் மட்டும் வர்ணம் இருக்கும். கடைசியில், பாலத்திலிருந்து விழுகிற பஸ்ஸின் உள்ளே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் வெளியே வரும்வரை மூச்சைப் பிடித்து வைத்திருந்து மயங்கி விழுவாள். பிறகு எழும்பிவிடுவாள். எழும்புகிறாள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து நிச்சயப்படுத்திய பிறகுதான் நான் அனுமதி கொடுத்தேன்.

அடுத்த நாளே குளியலறை வாளிக்குள் முகத்தை வைத்து மகள் பழகத் தொடங்கிவிட்டாள். தகப்பன் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஏசினேன்.

நான் படம் பார்க்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் குசினிச் சுவர் கூரைவரை போகாது, இங்கே கிசுகிசுத்தால் விறாந்தையில் கேட்கும். ஆகையால் போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்து, சத்தத்தை முற்றாக நிறுத்தி, வேகமாக ஓட்டிப் பார்ப்பேன். ஒரு கண் கறியில், ஒரு கண் வீரனில். யாராவது விழுந்தால் நிறுத்துவேன், எழும்பினால் தொடர்வேன். இந்த முறையில் எத்தனையோ படங்களைப் பழுதில்லாமல் பார்த்து முடித்திருந்தேன்.

ஒரே ஒரு படத்தில் மாட்டிக்கொண்டேன். ரயில் பாதை திருத்துகிற ஒரு தகப்பன். யாருக்கும் தெரியாமல் ஊரைக் காப்பாற்றுகிறவன். நடுவில் அவன் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே போகிறான். அதற்கடுத்து ஆட்கள் கறுப்புக் கோட்டும் சூட்டுமாக, பெண்கள் கறுப்புச் சட்டையும் தொப்பியுமாக, பெரிய பெரிய வாகனங்களில் வந்து இறங்குகிறார்கள். எங்கு பார்த்தாலும் பூ. பச்சைப் புல்வெளி, சப்பாத்துகள் எல்லாம் மினுங்குகின்றன. ஏதோ பெரிய இடத்துக் கலியாணம் என்று நினைத்து நான் ஓட்டிவிட்டேன். எங்கள் பக்கம் செத்த வீட்டுக்கு இப்படி உடுத்துக்கொண்டு யார் போகிறார்கள்? வெள்ளைச் சேலை இல்லை, வாசலில் கதிரை அடுக்கவில்லை, தலையில் கை வைத்து அழுகிற ஒரு மனுசி இல்லை. அழாத சனத்தைப் பார்த்து, சத்தமும் இல்லாமல், அது செத்த வீடு என்று நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"எல்லாரும் தப்பியிடுவினம்" என்று மகளுக்குச் சொல்லியும் விட்டேன்.

படத்தில் அந்த இடம் வந்தது. தகப்பனைக் காணவில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்து இறங்கினார்கள், ஒருவர் புத்தகத்தைப் பிரித்து ஏதோ படித்தார். இவர் மிக்சரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மகள் விரல்களை எடுத்துவிட்டு முழுக் கண்ணாலும் பார்த்தாள். பிறகு தொலைக்காட்சியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவளுக்குக் காய்ச்சல். "சத்தத்தோட பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் என்ன அம்மா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகும் சனிக்கிழமைகளில் கேள்வி வரும், ஆனால் நான் சொல்கிற பதிலை அவள் முழுதாக நம்புவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அந்தக் கார்த்திகை மாதப் புயல் வந்தது. பள்ளிக்கூடம் இல்லை. கட்டி நிற்கிற கப்பல்களுக்கு மேலதிகக் கயிறு போட வேண்டும் என்று இவரை விடியவே கூப்பிட்டுவிட்டார்கள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். சோறு வடிக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. சற்றுநேரத்தில் போனில் சிக்னலும் இல்லை. ஜன்னலால் பார்த்தால் துறைமுகத் துண்டு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை மழை.

மான்கள் பக்கத்து வீட்டு வாகனக் கொட்டிலுக்குள் ஒதுங்கி நின்றன. எங்கள் ஊரில் மான் தெருவில் நிற்பது மாடு நிற்பது போலத்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாழைப்பழத் தோலைக் கண்டால் கேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற பிராணிகள், அன்று மகள் தோலை நீட்டியும் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை.

மத்தியானம் போய்விட்டது. சாப்பாட்டை மூடி வைத்தேன். மூடிய பிறகுதான், நானும் அந்தப் படங்களில் வருகிற பெண்ணைப் போல நிற்கிறேன் என்பது உறைத்தது. மூடியை எடுத்துவிட்டேன், திரும்பவும் மூடினேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் ராத்தா என்று கூப்பிடுவேன், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ராத்தா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மழைக்குள் வந்தார். உள்ளே வந்ததும் மகளை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் எங்கள் வீட்டில் தாழ்த்தியும் பயனில்லை.

"புள்ள, ஹாபருக்குள்ள கப்பல் கயிறு ஒண்டு அறுந்திட்டாம். ஆருக்கோ அடிபட்டிருக்காம். எங்கட தம்பி ஓட்டோவில வரக்க ஹாபர் கேற்றடியில கேள்விப்பட்டவன். ஆரெண்டு தெரியாது. நீ பயப்பிடாத."

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடமாக நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த படம் அது. கயிறு, சத்தம் வருவதற்கு முன் வருகிற கயிறு. துறைமுகக் கேற்றடிக்கு ஓடலாம் என்றால் பிள்ளையை இந்தக் காற்றுக்குள் எங்கே கொண்டு போவது? ராத்தா கதிரையை இழுத்து என்னை இருத்தினார்.

மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, முடிவு பார்த்திட்டீங்களோ?"

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். "ஓம், பார்த்திட்டன். அப்பா வருவார்."

"சத்தத்தோடயோ பார்த்தனீங்கள், சத்தமில்லாமலோ?"

நான் எழும்பிச் சாப்பாட்டின் மூடியைச் சரிசெய்தேன். அவள் ஜன்னலடிக்குப் போய் நின்றாள். தூரத்தில் காற்று இரைந்துகொண்டு வருவது கேட்டது. அது கூரையில் மோதும்போது அவளுடைய கன்னங்கள் ஊதி, தோள் இரண்டும் மேலே ஏறி அப்படியே நின்றன. காற்று போன பிறகு கன்னம் வற்றி, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். அடுத்த இரைச்சல் வந்தது. திரும்பவும் கன்னங்கள் ஊதின.

"என்ன செய்யிறீங்கள் பிள்ளை?"

மூச்சை விட்ட பிறகுதான் அவளால் பதில் சொல்ல முடிந்தது. "அப்பாவுக்கு நேரம் குடுக்கிறன்."

நான் ஓடிப்போய் அவளை இழுத்தேன். உதடு கறுத்திருந்தது. பைத்தியக்கதை கதைக்காதே, அது கீறின படம் என்று சத்தம் போட்டேன். அவள் என் கையை உதறினாள். "விடுங்கோ அம்மா, காத்து வருது, விடுங்கோ" என்று அழுதாள். நான் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டிருந்தார். நான் கோணேசரைக் கூப்பிட்டேன். மகள் மூச்சைப் பிடித்தாள். மூன்று பேரும் அப்படியே பின்னேரம்வரை இருந்தோம். அடிபட்டவர் இவர்தானோ என்ற பயம் ஒரு பக்கம், என் கண்முன்னால் பிள்ளை மயங்கி விழப்போகிறாளோ என்ற பயம் மறுபக்கம்.

பொழுது மங்குகிற நேரத்தில் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. இவர்தான். நடந்தே வந்திருந்தார், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. "ஒரு ஆளிட்டயாவது சொல்லிவிட ஏலாதோ உங்களுக்கு?" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதேன். இவர் கதிரையில் இருந்தார். மிக்சர் கேட்கவில்லை.

அடிபட்டது இவரோடு வேலை செய்கிறவருக்கு. கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறார்.

"நான் நிண்ட இடத்திலதான் அவன் நிண்டவன். அப்பதான் நான் ரெண்டடி தள்ளிப் போனனான்" என்றார். யாரையும் பார்க்காமல், தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கயிறு முகத்துக்கு முன்னால போனது. போறதைக் கண்டனான். உண்மையாத்தான் சொல்லுறன், எல்லாம் மெதுவா நடந்த மாதிரி இருந்திச்சு. ஒரு சத்தமும் இல்ல. நேரம் நிண்டுபோன மாதிரி."

ராத்தா என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. ஒரு வேலையை முடித்தவள்போல வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். மூடி வைத்த சோற்றைக் குழம்போடு குழைத்து ஊட்டிவிட்டேன். இவர் வந்துவிட்டார் என்ற நிம்மதியைவிட, அவள் முகத்தைப் பார்த்து வந்த பயம் பெரிதாக இருந்தது.

"அவளுக்கு முன்னால ஏன் அதைச் சொன்னனீங்கள்?" என்று பிறகு இவரிடம் சண்டை பிடித்தேன். நடந்ததைத்தானே சொன்னேன் என்கிறார். நடந்ததுதான், அதுதான் என் பிரச்சினை.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் முடிவைக் கேட்பதில்லை. விரல் இடுக்கால் பார்ப்பதும் இல்லை, முழுக் கண்ணாலும் பார்க்கிறாள். இவருக்கு அதில் பெருமை, மகள் பயம் தெளிந்துவிட்டாள் என்கிறார். நான் பார்க்கிறது வேறு. காலையில் இவர் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவள் புத்தகப் பையோடு கேற்றடியில் வந்து நிற்பாள். சைக்கிள் உறுமியதும் கன்னங்கள் ஊதும். இவர் சந்தியில் திரும்பி மறையும்வரை அப்படியே நிற்பாள். பிறகு மூச்சை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து சீப்பைத் தந்து தலை இழுக்கச் சொல்வாள்.

இது வெறும் படம் என்று அவளுக்குச் சொல்லிவிடலாம். அப்படியென்றால் அன்று அப்பாவைத் தப்ப வைத்தது யார் என்று கேட்பாள். சொல்லாமல் விட்டால், என்றைக்காவது ஒருநாள் கயிறு இவரைத் தேடி வந்தால், தன் மூச்சுப் போதவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் நினைக்கும். கயிற்றைவிட எனக்கு இப்போது அந்த நாளில்தான் பயம். தினமும் சொல்லிவிட வேண்டும் என்று குசினியிலிருந்து கேற்வரை வருவேன். அங்கே வந்ததும் அவளுடைய புத்தகப் பையைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவேன்.

போன கிழமை அவளுக்கு நல்ல தடிமன். மூக்கடைத்து, இருமி இருமிக் கண் சிவந்திருந்தது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று படுக்க வைத்திருந்தேன். சைக்கிள் சத்தம் கேட்டதும் போர்வையோடு எழும்பி ஓடி வந்துவிட்டாள். மூச்சைப் பிடித்தாள், உடனே இருமல் வந்தது. திரும்பவும் பிடித்தாள், திரும்பவும் இருமல். இவர் கையைக் காட்டிவிட்டு ஒழுங்கையில் இறங்கினார். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள், முகமெல்லாம் கண்ணீர்.

"அம்மா, கெதியா. நீங்கள் பிடியுங்கோ."

சந்திவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் திரும்பி மறைந்த பிறகும் விடவில்லை.